இடது தாடை

செவ்வாய்க்கிழமை மதியம்
நகராட்சி லாரியில் அப்பா வந்து இறங்கினார்.
நீலத் தார்ப்பாய், மூன்று சுற்றுக் கயிறு.
ஒட்டியிருந்த தாளில்:
வெண்கலம், நானூற்று எண்பது கிலோ.
சாலையை அகலப்படுத்துகிறார்களாம்.
முப்பது நாளில் உறவினர் எடுத்துக்கொள்ளாவிட்டால்
உருக்கிவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது.
முப்பதாம் நாள்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஒருரோவின் ஆகஸ்ட் குளிரில்
உலோகத்தைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும்.
கோழிக்கூண்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
மல்லாக்கக் கிடத்தினோம்
இரண்டு வருடம் நான்கு மாதம் நாட்டை ஆண்டவரை.
நெஞ்சில் பதவிப் பட்டை.
கோட்டில் எல்லாப் பொத்தானும் இருந்தன.
அம்மா அதைத்தான் முதலில் பார்த்தாள்:
"மூணாவது பொத்தான் கிடையாதே இதுல."

ஃபௌஸ்தினோ கைபேசியில் கணக்குப் போட்டான்.
கிலோவுக்கு இவ்வளவு என்றால்
ரொட்டிக்கடைக் கடனில் பாதி அடையும்.
யாரும் அவனைத் திட்டவில்லை.

நான் பல் மருத்துவர்.
முகங்களைக் கீழிருந்து மேலே படிப்பவள்.
இடது தாடையில் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது,
சிற்பி அந்தப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் செய்திருக்கிறான்.
பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் படம்.
ராஜினாமாவில் கையெழுத்திட மறுத்த இரவு,
துப்பாக்கிகளின் முன்னே இறுகிய தாடை.
'பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்'
என்கிறது ஐந்தாம் வகுப்புப் பாடம்.

கடிக்க முடிந்த பல்லா அது?
கீழ்வரிசை, இடப்பக்கம், இரண்டாவது கடைவாய்ப்பல்.
மூன்று நாளாகச் சீழ்.
அரண்மனை முழுக்கத் தேடியும்
ஒரு கிராம்பு இல்லை.
ஒன்பது வயதில்
வெந்நீர்ப் பையோடு பக்கத்தில் நின்றவள் நான்.
படத்தின் ஓரத்தில் வெட்டப்பட்டிருக்கும் முழங்கை என்னுடையது.
நீட்டிய காகிதத்தைப் பார்த்து
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வாயைத் திறக்க முடியவில்லை.
வீக்கத்தை வீரம் என்று
எழுத்து மாற்றிப் படித்துக்கொண்டது நாடு.

ஆனாலும்
பேனா பிடிக்கும் கையில் வலி எதுவும் இல்லை.
அந்தக் கை அசையவில்லை.
இதைப் பாடத்தில் எப்படி எழுதுவது என்று
எனக்கும் தெரியாது.

எல்லைக்கு அப்பால், அரிக்காவில்,
துறைமுகத்து நாவிதர் ஒருவர் அதைப் பிடுங்கினார்.
பல் போனால் சொல் போச்சு.
பதினோரு ஆண்டு
மீன் கிடங்கில் பெட்டிகளை எண்ணிக் கணக்கெழுதினார் அப்பா.
பிழை விட்டதில்லை.
கடைசிவரை வலப்பக்கமாகவே மென்றார்.

இரவு ருஃபினோ தொலைபேசினான்,
அடக்கத்துக்கும் வராத மூத்தவன்.
அன்றைக்கு அரண்மனை வெளிவாசலில்
காவல் நின்ற ராணுவப் பள்ளி மாணவன்.
யாருக்குக் கதவு திறந்தான் என்பதை
நாற்பத்தாறு ஆண்டாக
எங்கள் சாப்பாட்டு மேசையில் எவரும் எடுத்ததில்லை.
அம்மா நலமா என்று கேட்கவில்லை.
"தாடை வீங்கியிருக்கா?" என்றான்.
"ஆமா."
வெகுநேரம் மூச்சு மட்டும்.
"கிராம்பு வாங்கி வச்சிருந்தேன்.
சட்டைப் பையில.
உள்ளே விடல என்னை."

விடிந்து பார்த்தால்
அம்மாவின் கம்பளிச் சால்வை
வெண்கலத் தாடையைச் சுற்றி ஏறி
உச்சந்தலையில் முடிந்திருந்தது.
பல்வலிக்காரனுக்கும் அப்படித்தான் கட்டுவார்கள்,
செத்தவனுக்கும்.
எதற்கென்று கட்டினாள் என்று கேட்கவில்லை.
கோழி ஒன்று அவர் பட்டைமேல் ஏறி
வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பழைய இரும்புக்காரர் வெள்ளிக்கிழமை வருகிறாராம்.
அதற்குள் சால்வையை அவிழ்க்க வேண்டும் என்கிறான் ஃபௌஸ்தினோ.
அவளிடம் சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.